அட்வான்ஸுக்கு முன்னால் ஓர் அரைத்தாள்

உத்திரமேரூர் வட்டாரத்தில் இப்போது மஞ்சள் நீராட்டுக்கு நாள் குறித்த கையோடு மூன்று பேருக்குப் போன் போகிறது. சமையல்காரர், பந்தல்காரர், டிஜே. பெண்ணுக்கு மஞ்சள் நீர் என்றாலும் சரி, பையனுக்குப் பதினெட்டாவது பிறந்தநாள் என்றாலும் சரி, மானாம்பதி போன்ற ஊரில்கூட டிஜே இல்லாத விசேஷத்தைப் பிள்ளைகள் விசேஷமாகவே எடுத்துக்கொள்வதில்லை. ஒரு தலைமுறைக்கு முன்னால் இந்த இடத்தில் மைக் செட்டுக்காரர் இருந்தார். வேப்பமரத்தில் கூம்பைக் கட்டுவார், வாசலில் சீரியல் செட் தொங்கவிடுவார், விடிய விடியப் பாட்டு ஓடும். அவருக்குப் பேசிய கூலி ஒன்றுதான், எல்லாம் அதற்குள் அடக்கம். டிஜே கணக்கு அப்படியில்லை. போனில் அவர் சொல்வது ஆரம்பத் தொகை.

எப்படி ஏறுகிறது என்று ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். பேசியது 25,000 ரூபாய். வீட்டு மீட்டர் தாங்காது, ஜெனரேட்டர் வேண்டும் என்பார்கள்: 6,000. டீசல் தனி: 3,000. பாக்ஸ் ஏற்றி வரும் வண்டிக்கு 2,500. கூட வரும் நாலு பையன்களுக்குப் பேட்டா 2,000. புகை மெஷினும், மேடை ஓரம் பொறி கக்கும் பைரோவும் 4,000. மாமன் சீர் வர நேரமாகி, ஆட்டம் தொடங்கவே ஒன்பது மணி ஆகிவிட்டதால், கூடுதலாக இரண்டு மணி நேரம், மணிக்கு 3,000 வீதம் 6,000. கூட்டினால் 48,500. பேசிய தொகையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. அவர் சொன்னது “டிஜே”க்கு, இவர் கேட்டுக்கொண்டது “எல்லாத்துக்கும்”. ஆகும் செலவை முன்னாலேயே கேட்டிருந்தால் பாதிக் குடும்பங்கள் வேண்டாம் என்றே சொல்லியிருக்கும்.

விலையும் நாளைப் பொறுத்தது. தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் முகூர்த்த நாள் என்றால் அதே செட்டுக்கு வேறு விலை. ஆடியில் கூழ் வார்த்தலுக்கும் தீமிதிக்கும் எல்லா ஊரும் கேட்பதால் வண்டியே கிடைக்காது. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்று இடத்துக்கு ஒப்புக்கொண்டு, நல்ல பாக்ஸை அதிகம் கொடுத்தவருக்கும் மிச்சத்தை உங்களுக்கும் அனுப்பும் வழக்கம் இந்தத் தொழிலில் உண்டு. அதனால் “பத்தாயிரம் வாட்ஸ்” என்று சொன்னால் அதில் மயங்க வேண்டாம். வாட்ஸ் கணக்கை எப்படி வேண்டுமானாலும் சொல்லலாம், பாக்ஸை எண்ணிவிடலாம். டாப் எத்தனை, பேஸ் எத்தனை, என்ன கம்பெனி, லைட் எத்தனை, ட்ரஸ் உண்டா, மைக் எத்தனை என்று கேளுங்கள். பாட்டு போட வருவது அவரா, அவர் தம்பியா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இன்னொரு புது வம்பு. டிஜேயைப் பேசுவது இப்போது பெரியவர்கள் இல்லை. ஒரகடத்துக்கும் செய்யாறு சிப்காட்டுக்கும் கம்பெனி பஸ் ஏறிவிடும் அப்பாவுக்கு இதற்கெல்லாம் நேரமில்லை. பதினாறு, பதினேழு வயதுப் பையன் இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கத்தைப் பார்த்து, மெசேஜ் போட்டு, அம்மா போனிலிருந்து ஜிபேயில் அட்வான்ஸும் அனுப்பிவிடுகிறான். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி பதினெட்டு வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. 1903-இல் மோகரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில் இதை ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிட்டது. ஆக, பையன் பேசிய பேச்சைக் காட்டி மீதிப் பணம் கேட்டு அவனைச் சட்டப்படி நெருக்க முடியாது. ஆனால் உங்கள் பக்கமும் பலவீனம்தான்: பேச்சே செல்லாது என்றால், “எட்டு பாக்ஸ் தருவதாகச் சொன்னாய்” என்று எதை வைத்துக் கேட்பது? பேச்சு பையனுடையதாகவே இருக்கட்டும். ஒப்புக்கொள்வதும் பணம் அனுப்புவதும் அப்பாவோ அம்மாவோ மாமாவோ தங்கள் பெயரில் செய்ய வேண்டும்.

அந்தப் பக்கமே பொய்யாக இருந்தால்? வேறு யாரோ ஆடிய மேடையின் வீடியோவைப் போட்டு, “இன்னைக்கு அட்வான்ஸ் போட்டா பாதி விலை” என்று வாங்கிக்கொண்டு மறைந்துவிடுகிற ஆட்கள் உண்டு. பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். அது இணையக் குற்றப் புகாருக்கான தேசிய எண். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் புகார் போனால் முடக்க வாய்ப்பு உண்டு, மறுநாள் காலை என்றால் அந்த வாய்ப்பு மிகக் குறைவு. அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்த ஆள் அண்மையில் வாசித்த ஒரு விசேஷ வீட்டின் பெரியவரிடம் பேசிப் பாருங்கள். நம் பக்கத்தில் இது பெரிய காரியமில்லை. இரண்டு ஊர் தள்ளிக் கேட்டால் யாராவது ஒரு உறவு வந்துவிடும்.

எழுதி வாங்குவதற்கு நாம் கூச்சப்படுகிறோம். தெரிந்த பையன், சொந்தக்காரன் மகன், இவனிடம் போய்க் கையெழுத்தா என்று. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளை ஒட்டி, சபைக்கு யார் நிற்கலாம், யார் கூடாது என்று வரி வரியாக வெட்டி வைத்திருக்கிறார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் குடவோலையில் பெயர் எழுதத் தகுதியில்லாதவர்கள். அந்த ஊருக்காரர்களுக்கு எழுத்து ஒன்றும் புதிதல்ல. அரைத்தாள் போதும். இல்லையென்றால் ஒரு வாட்ஸ்அப் செய்தி. அதற்கு அவர் “ஓகே” என்று பதில் போட்டால் அதுவே ஆதாரம். வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான் என்று சட்டம் ஏற்கிறது, ஆனால் வாயால் பேசியதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்.

அதில் இப்படி இருக்கலாம்: “மானாம்பதி இந்தத் தெரு வீட்டு விசேஷம், இந்தத் தேதி, மாலை 6 முதல் 10 வரை. டாப் 4, பேஸ் 4, லைட் 8, மைக் 2. வண்டி, ஆட்கள், சாப்பாடு, ஜெனரேட்டர், டீசல் உட்பட மொத்தம் இவ்வளவு. அட்வான்ஸ் இவ்வளவு பெற்றேன். மீதி முடிந்ததும். தள்ளிப்போனால் அட்வான்ஸ் வேறு தேதிக்குச் செல்லும்.” நாலைந்து வரிதான். “உட்பட” என்ற அந்த ஒரு வார்த்தையில்தான் உங்கள் இருபதாயிரம் இருக்கிறது.

தள்ளிப்போவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கிராமத்தில் இதுதான் அதிகம் நடப்பது. பங்காளி வீட்டில் ஒரு சாவு விழுந்தால் விசேஷம் நின்றுவிடும். டிஜே, “அந்த நாளை உங்களுக்காக வச்சிருந்தேன், வேற ஆர்டர் விட்டேன்” என்பார். அதிலும் நியாயம் இருக்கிறது. ஒப்பந்தம் முறிந்தால் உண்மையில் ஏற்பட்ட நியாயமான நஷ்டத்துக்கே ஈடு கேட்கலாம் என்பதுதான் ஒப்பந்தச் சட்டத்தின் 73, 74-ஆம் பிரிவுகளின் சாரம். அதே நாளில் வேறு இடத்துக்குப் போய் வாசித்துச் சம்பாதித்தவர் உங்கள் அட்வான்ஸையும் முழுதாக வைத்துக்கொள்வது நியாயமான நஷ்டம் ஆகாது. ஆனால் துக்கத்துக்காக நீங்கள் நிறுத்தியதைத் தவிர்க்க முடியாத காரணமென்று சட்டம் தானாக எடுத்துக்கொள்ளும் என்று நம்பிவிட முடியாது. அதனால்தான் அந்தக் கடைசி வரி.

பில்லில் திடீரென்று முளைக்கும் இரண்டு தலைப்புகள் உண்டு. ஒன்று ஜிஎஸ்டி. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பொதுவாகப் பதிவு கட்டாயம். பதிவு செய்யாதவருக்கு வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்க உரிமையே இல்லை. 18 சதவீதம் சேர்த்துக் கேட்டால் பதிவெண் போட்ட பில் கேளுங்கள். 25,000-க்கு அது 4,500 ரூபாய், விட்டுக்கொடுக்கும் தொகை அல்ல. இன்னொன்று பாட்டு லைசென்ஸ். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உண்மையான சமயச் சடங்குகளில் பாட்டு ஒலிப்பதை மீறலாகக் கொள்வதில்லை. கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களும் அதில் அடக்கம் என்று விளக்கமே கொடுத்திருக்கிறது. 2023 ஜூலையில் மத்திய தொழில் மேம்பாட்டுத் துறை பொது அறிவிப்பு வெளியிட்டு இதை நினைவூட்டியது. மஞ்சள் நீரும் பிறந்தநாளும் அந்த விளக்கத்தில் பெயர் சொல்லி இல்லை. ஆகவே மண்டபத்தில் வைத்தால் உரிமம் பற்றிய கேள்வி எழலாம். அப்படி லைசென்ஸுக்கென்று டிஜே பணம் கேட்டால், எந்த அமைப்புக்குக் கட்டினார் என்ற ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். ரசீது இல்லாத லைசென்ஸ் பணம் அவர் பையில்தான் இருக்கிறது.

சத்தத்துக்கு வருவோம். செலவிலும் சிக்கலிலும் பெரிய பங்கு இதற்குத்தான்.

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. நடைமுறையில் மனு உள்ளூர்க் காவல் நிலையம் வழியாகப் போகும். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கியோ ஆம்ப்ளிஃபையரோ கூடாது; மூடிய அரங்குக்குள் அதன் உள்ளேயே கேட்கும்படி வைப்பதற்கு விலக்கு உண்டு. 2005 ஜூலை 18-இல் உச்ச நீதிமன்றம் இந்தக் கட்டுப்பாடுகளை உறுதியாகச் செயல்படுத்தச் சொல்லித் தீர்ப்பளித்தது. பள்ளிக்கூடம், மருத்துவமனை, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அரசு அறிவிக்கலாம். குடியிருப்புப் பகுதியின் அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45. உங்கள் சொந்த இடத்தில் வைத்தாலும், இடத்தின் எல்லையில் இதற்கு மேல் 5 டெசிபலைத் தாண்டக் கூடாது. அதாவது பகலில் 60.

60 டெசிபல் என்பது இரண்டு பேர் எதிரெதிரே நின்று பேசும் சத்தம். பேஸ் பாக்ஸுக்கு இரண்டு மீட்டர் முன்னால் 100 டெசிபல் என்று வைத்துக்கொள்ளுங்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சுமார் 6 டெசிபல் குறையும். அந்தக் கணக்கில் 100 டெசிபல் 60-க்கு இறங்க 200 மீட்டர் வேண்டும். மானாம்பதியில் எந்த வீட்டு வாசல் 200 மீட்டர் இருக்கிறது? தெருவில் முழு செட் வைத்து ஆடும் எந்த டிஜேயும் சட்டப்படி இருப்பதில்லை என்பதுதான் உண்மை. பக்கத்து வீட்டுக்காரர் பொறுத்துக்கொள்வதால் ஓடுகிறது. அவர் 112-க்கு ஒரு போன் போட்டால் நின்றுவிடும். நின்ற பிறகு, “போலீஸ் நிறுத்தினது என் தப்பா, முழுப் பணம் கொடுங்க” என்ற சண்டை ஆரம்பிக்கும். அதனால் அனுமதி யார் வாங்குவது, பத்து மணிக்கு யார் நிறுத்துவது என்பதையும் அந்த அரைத்தாளில் எழுதிவிடுங்கள். அதிகச் சத்தத்துக்கு அதிகப் பணம் கொடுப்பவர் அந்தப் பணத்தில் தன் தலைமேலேயே ஒரு வழக்கை வாங்கிக்கொள்கிறார். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு திருத்தப்பட்டு, இப்போது அபராதம் 10,000 ரூபாயில் தொடங்கி 15 லட்சம் வரை போகலாம்.

காது விஷயம் சட்டத்தைவிட முக்கியம். 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்றால், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும் என்பது தொழிலிடப் பாதுகாப்பில் பரவலாகப் பின்பற்றும் கணக்கு. 100 டெசிபலுக்கு வந்தால் பதினைந்து நிமிடம். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் இசை அரங்குகளுக்கு வகுத்த உச்ச வரம்பும் சராசரி 100 டெசிபல்தான். ஆடுகிற பிள்ளைகள் இரண்டு மணி நேரம் பாக்ஸுக்கு முன்னால்தான் நிற்கிறார்கள். மறுநாள் காதில் “ஙொய்” என்று கேட்டால் அது எச்சரிக்கை. உட்காதின் நுண்மயிர்ச் செல்கள் போனால் மறுபடி முளைக்காது. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்வரிசையில் உட்காரும் அத்தையை யாராவது பின்னால் கூப்பிட்டு உட்கார வையுங்கள். பாக்ஸைத் தெருவைப் பார்த்து வைக்காமல் உங்கள் பந்தலைப் பார்த்துத் திருப்பி வைத்தாலே பாதிச் சத்தத்தில் அதே ஆட்டம் ஆடலாம், வாடகையும் குறையும்.

நெருப்பும் கரண்டும். 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில், வீடியோ விளக்குக்காக இழுத்த மின் இணைப்பில் கிளம்பிய தீப்பொறி கீற்றுப் பந்தலைப் பற்றியது. மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அன்றைக்கு ஒரு வீடியோ விளக்கு. இன்றைக்கு நம் கீற்றுப் பந்தலுக்கும் ஷாமியானாத் துணிக்கும் கீழே, காசு கொடுத்து, பைரோ பொறியை மேலே பாயவிடுகிறோம். “கோல்டு பைரோ, சுடாது” என்பார்கள். 2025 மார்ச்சில் வட மாசிடோனியாவின் கோச்சானி நகரில் இசை நிகழ்ச்சிக்கு வைத்த பொறிதான் கூரையைப் பற்றி ஐம்பதுக்கும் மேற்பட்ட இளைஞர்களைக் கொன்றது. பந்தலுக்குள் பைரோ வேண்டவே வேண்டாம். இதில் நான் சமரசம் சொல்ல மாட்டேன்.

கம்பியில் கொக்கி போடுவது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி திருட்டு. டிஜே பையன் போட்டாலும் வீட்டுக்காரர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். தற்காலிக இணைப்பு கேட்கலாம். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. வண்டியில் ட்ரஸ் ஏற்றி ஊர்வலமாக வரும் டிஜே என்றால் மேலே பாருங்கள். 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூர் களிமேட்டில் தேரின் அலங்காரம் உயர் அழுத்தக் கம்பியைத் தொட்டு 11 பேர் இறந்தார்கள். ஜெனரேட்டருக்கு எர்த் அடித்திருக்கிறதா, ஒயர் ஈரமண்ணில் கிடக்கிறதா என்று பார்க்க எலக்ட்ரீஷியன் வேண்டாம், டார்ச் போதும்.

விழா நாயகி பற்றி யாரும் பேசுவதில்லை. பதின்மூன்று வயதுப் பெண் பூப்பெய்தியதைப் பத்து பாக்ஸ் வைத்து ஊருக்கு அறிவிக்க வேண்டுமா என்று எனக்கு ஒரு கேள்வி உண்டு. அது குடும்பத்தின் முடிவு என்பார்கள், இருக்கட்டும். ஆனால் அவள் படமும் ஆட்டமும் டிஜேயின் ரீல்ஸில் விளம்பரமாக ஓடுவதற்கு எந்தக் குடும்பமும் காசு கொடுக்கவில்லை. “குழந்தையின் படம், வீடியோ எதையும் எங்கள் அனுமதியில்லாமல் போடக் கூடாது” என்று ஒரு வரி சேருங்கள். டிஜேயோடு கூலிக்கு ஆட வந்த பெண்களில் யாராவது பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் 1098-க்குச் சொல்லுங்கள்.

சரி, எழுதியும் ஏமாந்தால்? வராமல் போனாலும், எட்டு பாக்ஸ் பேசி நாலு பாக்ஸோடு வந்தாலும், பாதியில் மெஷின் நின்றாலும், அது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு. பில்லோ ரசீதோ கொடுக்க மறுப்பதைக்கூட அந்தச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. அன்றைக்கே செய்ய வேண்டியது இரண்டு: வந்த பாக்ஸ்களைத் தேதி, நேரம் தெரியும்படி போனில் படமெடுப்பது, குறையை வாட்ஸ்அப்பில் அவருக்கே எழுதி அனுப்புவது. கூட்டத்தில் சட்டையைப் பிடித்தால் வழக்கு உங்கள் மேல் திரும்பும். பிறகு, பணத்தைத் திருப்பிக் கேட்டு ஸ்பீடு போஸ்டில் ஒரு நோட்டீஸ். வக்கீல்தான் எழுத வேண்டும் என்றில்லை. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், டிஜே சென்னைக்காரராக இருந்தாலும் சரி. ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணமே கிடையாது. இ-ஜாக்ரிதி தளம் வழியாக வீட்டிலிருந்தே பதியலாம். நீங்களே வாதாடலாம். மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் இழுக்கும், அதையும் தெரிந்துகொண்டே போங்கள்.

டிஜே பக்கமும் ஒரு வார்த்தை. இவர்களில் பலர் கடன் வாங்கி மிக்ஸரும் பாக்ஸும் வாங்கிய உள்ளூர்ப் பையன்கள். ஆட்டமெல்லாம் ஆடிவிட்டு, நள்ளிரவில் “பேஸ் சரியில்ல, இவ்வளவுதான்” என்று பாதிப் பணத்தைக் கையில் திணிக்கும் மாமாக்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். குடித்துவிட்டுக் கன்சோலில் பீரைக் கொட்டியவர் யாரென்று காலையில் யாருக்கும் நினைவிருக்காது. அதே அரைத்தாள் அவருக்கும் காப்பு. மீதிப் பணம் வராத டிஜேவோ, வழக்குக்குச் செலவு செய்ய முடியாத குடும்பமோ, 15100 என்ற எண்ணில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவைக் கேட்கலாம். இருவரையும் உட்கார வைத்துப் பேசி முடிக்க அங்கே வழி இருக்கிறது. சில ஆயிரம் ரூபாய்த் தகராறுக்கு அதுதான் நல்ல இடம்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போக, பிரச்சினை நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. அதுவரை அந்த அரைத்தாளையும், ஜிபே ரசீதையும், வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் வைத்திருங்கள். போன் மாற்றுவதாக இருந்தால் முதலில் அவற்றை வேறு இடத்தில் பதிந்துவிட்டு மாற்றுங்கள்.